புத்தகக் கடைக்கு ஜாஸ் கேட்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

முதலில் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதமாக இருந்தாலும் சரி. வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் ஃப்ரீமாண்டில் வெயில் கொளுத்துகிறதே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பி, சான் ஃபிரான்சிஸ்கோவின் க்ளென் பார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குளிர்காற்றில் பல் கிடுகிடுத்தவர்களில் நானும் ஒருத்தி. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோடைக்காலத்தை நம்பக் கூடாது.

நான் சொல்லப்போவது செனரி தெரு 653ஆம் எண்ணில் இருக்கும் 'பேர்ட் அண்ட் பெக்கெட்' புத்தகக் கடையைப் பற்றி. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1999இல் தொடங்கிய கடை. புதுப் புத்தகம், பழைய புத்தகம், இசைத்தட்டு எல்லாம் உண்டு. 2002இலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே ஜாஸ் வாசிக்கிறார்கள். பெயரில் இருக்கும் பேர்ட், சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கரின் பட்டப்பெயர். பெக்கெட், நாடகம் எழுதிய சாமுவேல் பெக்கெட். முன்னவர் 34 வயதுக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விட்டார். பின்னவர் 83 வயது வரை இருந்து, வார்த்தையைக் குறைத்துக்கொண்டே வந்தார். இருவரையும் ஒரே பெயர்ப்பலகையில் உட்கார வைத்த கடை என்பதாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

போன கோடையில் அக்கா மகள் வந்திருந்தாள். பாட்டு வகுப்பில் ஏழு வருஷம் படித்தவள், வர்ணம் பாடுவாள். கூட்டிக்கொண்டு போனேன். இருபது நிமிஷம் பொறுமையாக இருந்துவிட்டு என் காதருகே வந்து, "சித்தி, இவங்க எப்பதான் பாட்டுக்குள்ள வருவாங்க?" என்றாள். அவர்கள் பாட்டுக்குள் வந்து, மூன்று சுற்று முடித்து, வெளியேறும் வழியில் இருந்தார்கள். அவளுக்கு அன்று ரயிலில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் சங்கீதக் காதோடு வருகிறவர்களுக்கு இது உதவும். சங்கீதமே தெரியாதவர்களுக்கு இன்னும் சுலபம், மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

எங்கே உட்காருவது என்பதிலிருந்து தொடங்கலாம். கடையின் பின்பகுதியில், அலமாரிகளுக்கு நடுவே வாசிப்பார்கள். சபா மாதிரி முதல் வரிசைக்கு ஓடாதீர்கள். சாக்ஸபோனின் வாய்க்கு நேராக உட்கார்ந்தால் மற்ற வாத்தியம் எதுவும் காதில் ஏறாது. நான் தேடுவது டிரம்ஸ் வாசிப்பவரின் இடது கால் தெரிகிற நாற்காலி. ஏன் அந்தக் கால் என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். சீக்கிரம் போனால்தான் அந்த நாற்காலி கிடைக்கும். அரை மணி முன்னால் போய், அலமாரிகளை மேய்ந்துவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எண்ணுங்கள்.

என் பெரியப்பா கும்பகோணம் பக்கத்தில் கோயில்களில் தவில் வாசித்தவர். வீட்டில் யார் என்ன பாடினாலும் அவர் விரல் தொடையில் ஓடிக்கொண்டிருக்கும். "ராகம் புரியலன்னா விடு, சமம் எங்கன்னு பாத்துக்க. அத விட்டா சந்தையில புள்ளைய விட்ட மாதிரி" என்பார். சமம் என்பது தாளச் சுற்று தொடங்கும் இடம். அவர் ஜாஸ் கேட்டதே இல்லை. ஆனாலும் ஜாஸுக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அதுதான்.

பெரும்பாலான உருப்படிகள் நாலு நாலாகப் போகும். நாலு எண்ணிக்கை ஒரு 'பார்'. இரண்டு பார் சேர்ந்தால் எட்டு, அதாவது நம் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று. பழைய அமெரிக்கப் பாட்டுகளில் பாதிக்கு மேல் 32 பார் கொண்டவை என்று வைத்துக்கொண்டு உட்காரலாம். ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம். முதல் நாலு ஆவர்த்தனத்தில் ஒரு மெட்டு. அடுத்த நாலில் அதே மெட்டு. அப்புறம் நாலு ஆவர்த்தனம் வேறு பக்கம் போகும், இதைப் 'பிரிட்ஜ்' என்பார்கள். கடைசி நாலில் பழைய மெட்டு திரும்பி வரும். பல்லவி, பல்லவி, சரணம் மாதிரி ஒன்று, மறுபடி பல்லவி. இந்த 16 ஆவர்த்தனமும் சேர்ந்த ஒரு முழுச் சுற்றுக்கு 'கோரஸ்' என்று பெயர். கூட்டமாகப் பாடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுத்தர வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும்.

அக்கா மகள் தவறவிட்டது இங்கேதான். முதல் சுற்றில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அதுதான் 'ஹெட்'. அதோடு பாட்டு முடிந்துவிட்டதாகவும், அடுத்து வருவது ஆலாபனை மாதிரி காலக்கணக்கு இல்லாத உலா என்றும் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. மெட்டு மட்டும்தான் போகிறது. அந்த 16 ஆவர்த்தனமும், அதில் எந்த இடத்தில் எந்தச் சுரக்கூட்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள், என்கிற கணக்கும் அப்படியே அடியில் சுற்றிக்கொண்டிருக்கும். சாக்ஸபோன்காரர் அந்தச் சுற்றின் மேல் ஏறி நின்று தன் மனோதர்மத்தை வாசிக்கிறார். ஆலாபனையை விட இது, தாளத்துக்குள் அப்போதைக்கப்போது கற்பனை செய்து பாடும் கல்பனை சுரத்துக்கு நெருக்கம். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் அவருக்கு ஒரு சமம் காத்திருக்கிறது. அவர் அதைத் தாண்டிக் குதித்தாலும், வேண்டுமென்றே தாமதித்து வந்தாலும், அது எங்கே இருக்கிறது என்பது மேடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நமக்கும் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் மனிதர் என்ன விளையாட்டு காட்டுகிறார் என்பது தானாகப் புரியும்.

எனக்குப் புரிந்த நாள் நினைவிருக்கிறது. ஐந்தாவதோ ஆறாவதோ தடவை. முதல் மெட்டைக் கேட்டதும் அதை மனதுக்குள் முனகிக்கொண்டே இருந்தேன், அவர்கள் அதை விட்டுவிட்ட பிறகும். சாக்ஸபோன் எங்கெங்கோ போகிறது, நான் விடாமல் என் மெட்டை ஓட்டுகிறேன். சரணத்தில் நான் நுழையவும், பியானோவில் நிறம் மாறவும் ஒன்றாக நடந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த வழியை நீங்களும் செய்து பாருங்கள். எண்ணுவதை விட முனகுவது எளிது. வாய்க்கு வெளியே மட்டும் வரக் கூடாது.

'ப்ளூஸ்' என்று அறிவித்தால் கணக்கு இன்னும் சின்னது. பெரும்பாலும் 12 பார், ஆறே ஆவர்த்தனம். மூன்று வரிப் பாட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், வரிக்கு இரண்டு ஆவர்த்தனம். முதல் வரி ஒரு புலம்பல், இரண்டாவது அதே புலம்பல், மூன்றாவது அதற்கு ஒரு பதில். புதிதாக வருகிறவர்கள் இதில் தொடங்கினால் சுற்று சீக்கிரம் பிடிபடும்.

சரி, அந்த இடது கால். டிரம்ஸில் இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்திருக்கும். அது 'ஹை-ஹாட்'. காலால் மிதித்தால் ஜால்ரா மாதிரி மூடிக்கொண்டு 'சிக்' என்னும். அந்த 'சிக்' ஒன்றிலும் மூன்றிலும் விழாது, இரண்டிலும் நாலிலும் விழும். இப்போது உங்கள் கையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. 'சிக்' எங்கே விழுகிறது? சுண்டுவிரலில், நடுவிரலில், இரண்டு வீச்சிலும். நாம் தட்டும் மூன்று இடத்திலும் அந்தக் கால் சும்மா இருக்கிறது, நாம் அடங்கும் இடத்தில் அது பேசுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். அவருக்குத் தூக்கம் வந்தது.

இதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. தாளத்தை மடியில், சால்வைக்கு அடியில் போடுங்கள். சத்தமாகத் தட்டாதீர்கள். முதல் தடவை நான் உற்சாகத்தில் ஒன்றாம் எண்ணிக்கையில் பளார் பளார் என்று தட்டினேன். பக்கத்தில் இருந்த பாட்டி என்னை அன்போடு பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

நம் காதை உறுத்தும் இன்னொன்று, தம்புரா இல்லாதது. கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி முதலில் தோன்றும். ஆதார சட்ஜம் எங்கே என்று தேடுவோம். அதைத் தேடாதீர்கள். அதற்குப் பதிலாக டபுள் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தை வில் இல்லாமல் விரலால் மீட்டி, எண்ணிக்கைக்கு ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருப்பார்கள். 'வாக்கிங் பேஸ்' என்பது சரியான பெயர். நடை தவறாமல், ஆனால் ஒவ்வொரு அடியும் வேறு வேறு சுரத்தில். கூட்டத்தில் குழந்தை அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பேஸைப் பிடித்துக்கொண்டு போனால் தொலைய மாட்டீர்கள்.

பேஸுக்கும் தனி வரும். மற்ற எல்லோரும் அடங்கிவிடுவார்கள், டிரம்ஸில் கம்பிப் பிரஷ் மட்டும் தோலைத் தடவிக்கொண்டிருக்கும். அறையிலேயே மெல்லிய நேரம் அதுதான். சரியாக அந்த நேரம் பார்த்து நான் கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். பிளாஸ்டிக் உறை அந்த மாதிரி அலறும் என்று தெரியாது. பாதி பிரித்த பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, மூச்சு விடாமல், இரண்டு சுற்று முடியும் வரை சிலையாக இருந்தேன். கொறிப்பதாக இருந்தால் டப்பாவில் கொண்டுபோங்கள், இடைவேளையில் வெளியே போய்ச் சாப்பிடுங்கள். பேஸ் தனி வந்தால் பேசலாம் என்று நினைக்கும் ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் காபி குடிக்க எழுந்து போகிற நம் ஊர்க் கூட்டத்தின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

கைதட்டும் இடங்கள்: ஒவ்வொருவரின் தனி முடிந்ததும் தட்டலாம், அடுத்தவர் ஆரம்பித்திருந்தாலும் பரவாயில்லை. நடுவில் பிரமாதமான ஒரு பிடி வந்தால் "யே" என்று ஒரு குரல் கொடுக்கலாம். நம் "பலே"தான் அது. நான் ஒருமுறை "பலே" என்றே சொல்லிவிட்டேன். பியானோக்காரர் தலையாட்டினார். எந்த மொழியில் சொன்னாலும் சேருகிற இடத்தில் சேர்ந்துவிடுகிறது.

எல்லோருக்கும் தனி முடிந்ததும் பெரும்பாலும் ஒரு விளையாட்டு நடக்கும், அதற்காகவே நான் போகிறேன் என்று சொல்லலாம். சாக்ஸபோன் நாலு பார் வாசிக்கும், டிரம்ஸ் நாலு பார் பதில் சொல்லும். 'டிரேடிங் ஃபோர்ஸ்' என்பார்கள். இரண்டு ஆவர்த்தனம் இங்கே, இரண்டு ஆவர்த்தனம் அங்கே. மிருதங்கமும் கஞ்சிராவும் மாற்றி மாற்றி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். ஆனால் குறைப்பு மாதிரி நாலு, இரண்டு, ஒன்று என்று சுருங்கிக்கொண்டே போய் மோரா என்ற முத்தாய்ப்பில் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல சமயம் நாலாகவே போய், சுற்று முடிந்ததும் ஹெட் திரும்பிவிடும். ஆனால் முடிவில் ஒரு ஆச்சரியம் உண்டு. கடைசி வரியை அப்படியே விடாமல், மூன்று தடவை திருப்பி வாசித்து முடிக்கிற பழக்கம் அவர்களுக்கும் இருக்கிறது. அதை 'டேக்' என்கிறார்கள். நம் மிருதங்கத்தில் ஒரு பிடியை மூன்று தடவை வாசித்து முடிக்கிற தீர்மானம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கணக்கு வேறு, காரணம் வேறு. ஆனாலும் மூன்றாவது தடவை என் கை தானாக உயர்ந்துவிடும்.

இடைவேளையில் வாத்தியக்காரர்கள் அலமாரிகளுக்கு நடுவில்தான் நிற்பார்கள். பேசுங்கள். இது பெரிய அரங்கில் கிடைக்காத பாக்கியம். "இது என்ன ராகம்" என்று கேட்காதீர்கள், அவர்களுக்குச் சங்கடம். "இது எந்தப் பழைய பாட்டின் மேல் கட்டியது?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். பார்க்கர் காலத்து ஆட்கள் பிரபலமான பாட்டின் மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் சுரக்கூட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே புது மெட்டு போட்டார்கள். மெட்டுக்குத்தான் காப்புரிமை, சுரக்கூட்டு வரிசைக்கு இல்லை. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் போட்ட 'ஐ காட் ரிதம்' என்ற பாட்டின் எலும்புக்கூட்டின் மேல் மட்டும் எத்தனையோ புதுப் பாட்டுகள் நிற்கின்றன. அந்த எலும்புக்கூட்டுக்கே 'ரிதம் சேஞ்சஸ்' என்று பெயர் வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்துவிட்டு அடித்தளத்தை மட்டும் வைத்துப் புது வீடு கட்டுகிற வேலை. மெட்டை முனகிக்கொண்டே கேட்கச் சொன்னேனே, அதை இன்னொரு படி மேலே கொண்டுபோகலாம். பழைய பாட்டு தெரிந்தால் அதைப் புதியதன் அடியில் முனகிப் பாருங்கள். பொருந்தும்.

புத்தகக் கடையில் எதற்கு ஜாஸ் என்று நம்மவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த ஊருக்கு அது புதிதில்லை. 1957இல் நார்த் பீச் பகுதியில் 'செல்லர்' என்ற கிளப்பில் கவிஞர்கள் கென்னத் ரெக்ஸ்ராத்தும் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் ஜாஸ் குழுவோடு கவிதை வாசித்தார்கள். ஃபெர்லிங்கெட்டி, 1953இல் தொடங்கிய சிட்டி லைட்ஸ் புத்தகக் கடைக்காரர். இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். போஸ்ட் தெருவில் ஒரு பழைய மரவீட்டில் 1950 முதல் 1965 வரை 'பாப் சிட்டி' நடந்தது. மற்ற கிளப்புகள் கதவடைத்த பிறகு, நள்ளிரவு தாண்டி விடியும் வரை அங்கே வாசிப்பார்கள். நகரச் சீரமைப்பு என்று அந்தக் கறுப்பினப் பகுதியையே இடித்துத் தள்ளியபோது, அந்த வீடு பெயர்த்து ஃபில்மோர் தெருவுக்கு நகர்த்தப்பட்டது. அங்கே வந்து உட்கார்ந்தது மார்கஸ் புக்ஸ், 1960இல் தொடங்கிய கறுப்பினப் புத்தகக் கடை. ஜாஸ் வாசித்த அதே சுவர்களுக்குள் புத்தகம். 2014இல் அவர்கள் அங்கிருந்து போக வேண்டியதாயிற்று. ஓக்லண்டில் இருக்கும் அவர்களின் இன்னொரு கடை நடக்கிறது.

இந்த மாதிரி இடம் நிலைக்க வேண்டுமானால் பணம் வேண்டும். இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கோயில் கச்சேரி மாதிரி சும்மா வந்து கேட்டுவிட்டுப் போகிற இடம் இல்லை இது. கோயில் கச்சேரிக்குப் பின்னால் யாரோ ஒரு உபயதாரர் இருந்தார். இங்கே உபயதாரர் நீங்கள்தான். கடையோடு சேர்ந்து 'பேர்ட் அண்ட் பெக்கெட் கல்ச்சுரல் லெகசி ப்ராஜெக்ட்' என்று லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு இயங்குகிறது, இசைக்காரர்களுக்குப் பணம் திரட்டிக் கொடுப்பதற்காக. கேட்கிற தொகையைக் கொடுங்கள், முடிந்தால் மேலே கொடுங்கள். நான் இருபது டாலர் தாள் ஒன்றைத் தனியாக மடித்து எடுத்துப் போவேன். அதோடு ஒரு புத்தகம். பழைய புத்தகமாக இருந்தாலும் சரி, ஒன்றாவது வாங்காமல் வெளியே வரக் கூடாது என்பது எனக்கு நானே வைத்த சட்டம். படித்து முடிக்காதவை கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அது வேறு பிரச்சினை.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? உட்காருகிற குழந்தையானால் கூட்டிப் போங்கள், கதவுப் பக்கம் உட்காருங்கள். பாட்டு வேண்டும் என்று துண்டுச் சீட்டு அனுப்பலாமா? சபாவில் போல அனுப்பாதீர்கள், இடைவேளையில் நேரில் கேளுங்கள். வீடியோ எடுக்கலாமா? கேட்டுவிட்டு எடுங்கள், வெளிச்சம் போடாதீர்கள்.

திரும்பி வரும் ரயிலை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீமாண்டிலிருந்து மாலையில் பச்சைத் தடத்து வண்டியில் நேராகப் போகலாம். இரவில் அது சீக்கிரம் நின்றுவிடும். அப்போது டப்ளின் போகும் நீல வண்டியில் ஏறி, பே ஃபேரில் இறங்கி, ஆரஞ்சு வண்டிக்கு மாற வேண்டும். இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை நடைமேடையில் நாற்பது நிமிஷம் நின்றேன். பன்னிரண்டு பார் ப்ளூஸை எண்ணிக்கொண்டே நின்றதில் சுற்று தவறாமல் எண்ண வந்துவிட்டது, அது ஒன்றுதான் லாபம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கொரோனா காலத்தில் தொடங்கி, இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். இங்கே வெள்ளி மாலை ஏழரைக்கு ஆரம்பித்தால் கோடையில் நம் ஊரில் சனிக்கிழமை காலை எட்டு மணி, குளிர்காலத்தில் ஒன்பது. அம்மா கும்பகோணத்தில் காபியை ஆற்றிக்கொண்டே பார்க்கிறாள். பெரியப்பா இருந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார். போன மாதம் நடுவில் போன் செய்தாள். நான் கடையில், நாற்காலியில். எடுக்க முடியவில்லை. இடைவேளையில் வெளியே வந்து கூப்பிட்டேன்.

"ஏண்டி, அந்தப் பெரிய வயலினை வச்சிருக்கிறவர் ரெண்டு மணி நேரமா நின்னுக்கிட்டே இருக்காரே, ஒரு நாற்காலி போட மாட்டாங்களா?"

அது நின்றுகொண்டு வாசிக்கிற வாத்தியம் என்றேன்.

"என்ன வாத்தியமோ. நீ முன்னாடிதானே உக்காந்திருக்க, உன் நாற்காலியைக் குடு."